கீழ்ப்பல்லின் உள்பக்கம்

போன ஆடியில் பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் மிக்சர் கொடுத்தார்கள். ஆதிலட்சுமி ஒரு கை அள்ளி வாயில் போட்டு மென்றபோது 'கடக்' என்றது. வேர்க்கடலையோடு கல் வந்துவிட்டது என்று உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். நொய்யரிசி அளவில் ஒரு கல். ஒரு பக்கம் பழுப்பு மஞ்சள், மறுபக்கம் பல்லின் வளைவை அச்செடுத்தது போலக் குழிந்திருந்தது. அவள் யோசிப்பதற்குள் நாக்கு கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கம் போய்ப் பார்த்துவிட்டது. அங்கே புதிதாக ஒரு பள்ளம்.

பல் உடைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். வீட்டுக்கு ஓடி, கைபேசியின் டார்ச்சை வாய்க்குள் அடித்து, கண்ணாடியில் பார்த்தாள். பல் முழுதாக இருந்தது. அதன் பின்னால் வரிசையாகப் படிந்திருந்த கல்லில் ஒரு துண்டுதான் பெயர்ந்து வந்திருந்தது. மீதி அப்படியே, ஈறோரம் சுவர் வைத்ததுபோல் நின்றிருந்தது.

அன்றைக்கு அலையத் தொடங்கிய நாக்கு பிறகு நிற்கவில்லை. பேசாத நேரமெல்லாம் அது அங்கேதான். தடவும், திரும்பும், எதையோ மறந்துவிட்டதுபோல் மறுபடியும் போகும்.

ஆதிலட்சுமிக்கு நாற்பத்திரண்டு வயது. உத்திரமேரூருக்கு எட்டு கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கரையை ஒட்டிய அந்த ஊரில் பதினோரு வருடமாகத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். காலை ஐந்தரைக்கு மோட்டார் போட வேண்டும். தொட்டி நிரம்பியதும் தெருவுக்கு ஒரு வால்வாகத் திறந்து மூட வேண்டும். மாதம் ஐந்தாம் தேதியும் இருபதாம் தேதியும் ஏணியில் ஏறித் தொட்டிக்குள் இறங்கி, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். கழுவிய தேதியைத் தொட்டியின் தூணில் எழுதிவைப்பது விதி. இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு தேதியும் தவறியதில்லை.

பல் விஷயத்திலும் அவள் அப்படித்தான். மோட்டார் போட்டவுடன் பிரஷ்ஷை வாயில் வைப்பாள். தொட்டியை நாலு சுற்று சுற்றி முடிக்கிறவரை தேய்ப்பாள். படுக்கப்போகும் முன் இன்னொரு முறை. செங்கல்பட்டில் நர்சிங் படிக்கும் மகள் கீர்த்தி, பல்லிடுக்கில் விட்டு இழுக்கிற நூல் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்திருந்தாள். அதையும் விடாமல் செய்தாள்.

"பல்லுக்கு நூல் உட்றியே, மாலை கோக்கறியா?" என்பான் கணவன் கலைச்செல்வன். ஒரகடத்துக் கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவன். வெறும் கையால் இரண்டு இழுப்பு இழுத்து வாய் கொப்பளித்தால் அவனுக்குப் பல் தேய்த்ததாகக் கணக்கு. அவன் பல்லில் ஒரு கல்லும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஆதிலட்சுமியின் அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதுக்குள் கீழ்வரிசை முழுக்கப் போய்விட்டது. கல்யாண வீட்டில் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது பைக்குள் போட்டுக்கொள்வாள். தனக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது என்று ஆதிலட்சுமி விரல் விட்டு எண்ணினாள். பெயர்ந்த இடத்தில் இருந்த பல்லை நாக்கால் தள்ளிப் பார்த்தாள். ஆடியதா, ஆடவில்லையா? ஒரு நாளைக்கு ஆடியதுபோல் இருக்கும். மறுநாள் நாக்குதான் ஆடியதோ என்று தோன்றும்.

பெயர்ந்து வந்த துண்டை அவள் எறியவில்லை. தீப்பெட்டியில் போட்டு மோட்டார் ரூமில் வைத்திருந்தாள். ஒருநாள் குழாய் மூட்டில் பூத்திருந்த உப்பைச் சுரண்டி அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே நிறம். அதே அடுக்கடுக்கான படிவு. விஷயம் விளங்கிவிட்டது என்று நினைத்தாள். எல்லாம் தண்ணீர்.

அடுத்த நாளிலிருந்து கேன் தண்ணீரில் வாய் கொப்பளித்தாள். எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கும் ஆண்டாளம்மாள் அதைப் பார்த்தாள். ஆண்டாளம்மாள் பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி. ஒரு வாரத்தில் பஞ்சாயத்துத் தலைவர் புருஷோத்தமன் வண்டியை மோட்டார் ரூம் வாசலில் நிறுத்தினார்.

"இன்னாம்மா ஆதிலட்சுமி, தொட்டிக்காரியே தொட்டித் தண்ணிய வாயில ஊத்த மாட்டேன்றியாமே? தெருவுல ஆளாளுக்குக் கேக்கறான். தண்ணியில இன்னா கலந்து கீது?"

"ஒண்ணும் கலக்கல தலைவரே. எனக்குப் பல்லுல உப்பு படியுது, அதான்."

"உனக்குப் பல்லுல படிஞ்சா எனக்கு ஓட்டுல படியும். கேன எடுத்து உள்ள வையி மொதல்ல."

கேன் உள்ளே போனது. உள்ளே வைத்துக் கொப்பளித்தும் இரண்டு மாதத்தில் கல் ஒரு துளியும் குறையவில்லை. அடுத்து, பித்தளைக் குடத்தில் உப்புக் கறை போகத் தேய்ப்பதுபோல் புளியை விரலில் எடுத்துப் பல்லின் உள்பக்கம் தேய்த்தாள். கல் அசையவில்லை. மூன்றாம் நாள் பச்சைத் தண்ணீர் பட்டதும் பல் சுரீரென்று நெற்றிவரை இழுத்தது. புளியை விட்டாள். ஒரு ஊக்கை எடுத்து நெம்பிப் பார்த்தாள். ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

அதன்பின் வாயில் ஒரு வாடை இருப்பதாகத் தோன்ற ஆரம்பித்தது. யாரிடம் பேசினாலும் புறங்கை தானாக உதட்டுக்கு வந்தது. வீடியோ காலில் கீர்த்தி கேட்டாள்: "ம்மா, எதுக்கு வாயப் பொத்திக்கினே பேசற? கையை எடு."

"ஒண்ணும் இல்லடி."

"எடுன்றேன்ல. எடுத்துட்டு ஈன்னு காட்டு. ம்மா! இவ்ளோ படிஞ்சு கீது, நூல் போடறேன்னு சொல்ற?"

"போட்டுக்கினுதான் கீறேன். தினம் போடறேன். நீ சொன்ன மாதிரிதான்."

"சரி, நாளைக்கே உத்திரமேரூர் போயி கிளீன் பண்ணிக்கினு வா. இது தேச்சாலாம் போவாது."

போக வேண்டும் என்று அவளுக்கும் தெரியும். போக விடாமல் தடுத்தவை இரண்டு.

ஒன்று ஆண்டாளம்மாள். "கல்லு எடுத்தியோ, பல்லு போச்சி" என்று கடையில் உட்கார்ந்தபடி தீர்ப்பே சொல்லிவிட்டாள். "தபாரு, நான் காஞ்சிபுரத்துல போயி சுத்தம் பண்ணிக்கினு வந்தேன். வெள்ளை வெளேர்னு ஆச்சி, இல்லன்னு சொல்லல. அடுத்த ஆறு மாசத்துல ஒண்ணு, ரெண்டு, மூணு. அந்தக் கல்லுதாண்டி பல்லப் புடிச்சிக்கினு இருந்துது. டாக்டரு அத்த எடுத்துட்டாரு. அப்புறம் பல்லு எத்தப் புடிச்சிக்கினு நிக்கும்?"

இன்னொன்று, ஆதிலட்சுமி தன் கையாலேயே செய்து பார்த்துக் கற்றது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு சித்திரையில், பெரிய அதிகாரி பார்வைக்கு வருகிறார் என்று சொன்னார்கள். கீழத்தெரு வால்வுக்குப் பக்கத்தில் பழைய இரும்புக் குழாயின் மேல் உப்பு இட்லி அளவுக்குப் பூத்திருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று சுத்தியல் எடுத்துத் தட்டினாள். மூன்றாவது தட்டில் உப்பு விழுந்தது. அந்த இடத்திலிருந்து தண்ணீர் ஆள் உயரத்துக்கு அடித்தது. கீழத்தெருவுக்கு இரண்டு நாள் தண்ணீர் இல்லை. பெண்கள் காலிக் குடத்தோடு மோட்டார் ரூமுக்கு வந்து பேசிய பேச்சு இன்னும் காதில் இருந்தது. சும்மா கிடந்த குழாயை நோண்டி ஊரை நாறடித்தாள் என்றார்கள். இப்போதும் எந்தக் குழாய் ஒழுகினாலும் யாராவது ஒருவர், "இன்னாக்கா, சுத்தியல் எடுத்தியா?" என்று கேட்காமல் போவதில்லை.

உப்பைத் தட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனாலும் தையில் ஒரு நாள் பஸ் ஏறிவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்தது பல் ஆஸ்பத்திரி. வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளிருந்து மெஷின் சத்தம் வந்தது. மெல்லிய கீச்சுக்குரல், நடுநடுவே தண்ணீர் பீய்ச்சும் ஓசை. அந்தத் தண்ணீர் ஓசைதான் அவளை எழுப்பிவிட்டது. எழுந்து, செருப்பை மாட்டி, திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

"டாக்டர் லீவாம்" என்றாள் கீர்த்தியிடம்.

"போர்டுல நம்பர் இருக்குமே, போன் பண்ணிக் கேக்கட்டா?"

"நீ பாடத்தைப் படி" என்று வைத்துவிட்டாள். அன்று முழுக்க ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. சோற்றை வைத்துவிட்டு வால்வைப் பார்க்கப் போனாள், வால்வைத் திறந்துவிட்டுச் சோற்றைப் பார்க்க வந்தாள்.

மாசியில் கீழத்தெருவுக்குப் புது பிளாஸ்டிக் குழாய் போட ஆட்கள் வந்தார்கள். குழாய் மாட்டும் பிட்டர் டேனியல் வாலாஜாபாத் பக்கத்து ஆள். வேலை செய்கிற வேகத்துக்குச் சமமாகப் பேசுவான். பழைய இரும்புக் குழாயைத் தோண்டி எடுத்து, துண்டு துண்டாக அறுத்துச் சாலையோரம் போட்டுக்கொண்டிருந்தான். அவள் அன்றைக்குத் தட்டிய இடம் இரும்புப் பட்டை சுற்றியபடி அதில் கிடந்தது.

"யக்கா, நீதான் அந்த சுத்தியல் அக்காவா?" என்றான் சிரித்துக்கொண்டே. கீழத்தெரு அதற்குள் அவனிடம் சொல்லிவிட்டிருந்தது.

"ஆமாப்பா. நானேதான் ஒடச்சேன். எல்லாரும் சொல்லியாச்சு, நீயும் சொல்லிக்கோ."

"நீ எங்க ஒடச்ச? இங்க வா, இத்த பாரு." குழாயில் வேறு நாலைந்து இடத்தில் உப்பு பூத்திருந்தது. ஒன்றைச் சுத்தியலால் தட்டிப் பெயர்த்தான். அடியில் இரும்பு அரித்து, தாள் மாதிரி ஆகியிருந்தது. நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை. இன்னொன்றைத் தட்டினான். அதிலும் அப்படியே. பிறகு உப்பே இல்லாத இடத்தில் ஓங்கி அடித்தான். டங்கென்று ஒலித்ததே தவிர ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தியா? தட்டினதால ஓட்டை ஆவல. ஓட்டை ஆன எடத்துலதான் உப்பு பூக்கும். அன்னிக்கு நீ தட்டலன்னா அடுத்த மாசம் தானா பிச்சிக்கினு இருக்கும்."

"உப்பு அடைச்சிக்கினு இருந்ததாலதானே தண்ணி நின்னுது?"

"எங்க நின்னுது? அடியில கசிஞ்சிக்கினே இருந்துது. வெளிய பாக்கறதுக்குக் கெட்டியா தெரியும். உள்ள தின்னுக்கினே போவும்."

ஆதிலட்சுமி குனிந்து அந்தத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான்கு வருடமாக வாங்கிய பேச்சு இப்போது தப்பு என்று தெரிந்ததில் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. நாக்கு கீழ்ப்பல்லின் பின்னால் போயிருந்தது. அந்தக் கல்லுக்கு அடியில் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது?

"இன்னாக்கா, அழுவறியா?"

"போடா. தூசி."

மறுநாள் பத்து மணி பஸ்ஸில் போனாள். இந்த முறை செருப்பைக் கழற்றியதும் நேரே உள்ளே போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள், திரும்பி ஓட இடம் வைக்காமல்.

டாக்டர் சோபியாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். "கையை எடுங்கம்மா" என்பதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை. வாயைத் திறக்கச் சொல்லிச் சிறு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"டாக்டரம்மா, தேய்க்காம இல்ல" என்று அவசரமாகச் சொன்னாள் ஆதிலட்சுமி. "ரெண்டு வேளையும் தேய்க்கறேன். நூலும் போடறேன்."

"தெரியுதும்மா. வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கு."

இதை யாராவது சொல்ல வேண்டும் என்று அவள் எத்தனை மாதம் காத்திருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"அப்ப ஏன் படியுது? தண்ணியா?"

"தண்ணி மேல பழி போடாதீங்க" என்று டாக்டர் சிரித்தாள். கைக்கண்ணாடி ஒன்றைக் கொடுத்தாள். "நாக்கைத் தூக்குங்க. கீழ ரெண்டு சின்ன மேடு தெரியுதா? எச்சில் ஊறி வர்ற வாய் அது. பல்லு மேல தினமும் வழவழன்னு ஒரு படலம் கட்டும். அன்னன்னைக்கு எடுத்துட்டா சரி. ஒரு நாள், ரெண்டு நாள் விட்டா எச்சில்ல இருக்கற சுண்ணாம்பு அதுல ஏறி இறுகிடும். இறுகினா பிரஷ்ஷுக்கு மசியாது. ஊத்து பக்கத்துலயே இருக்கறதால இந்தப் பல்லுங்கள்ல சீக்கிரம் ஏறும். அதுலயும் சிலருக்கு எவ்ளோ நல்லா தேய்ச்சாலும் கொஞ்சம் வேகமாவே படியும். அவங்க தப்பு இல்ல."

பிறகு ஒரு புது பிரஷ்ஷைக் கொடுத்துத் தேய்த்துக் காட்டச் சொன்னாள். ஆதிலட்சுமி தொட்டியைச் சுற்றுகிற நினைப்பிலேயே தேய்த்தாள். பிரஷ் படுக்கைவசமாக வெளிப்பக்கம் போனது, கடைவாய்க்குப் போனது, மேலே போனது. கீழ் முன்பற்களின் உள்பக்கம் வந்ததும் மட்டும் பல் வளைவில் இடித்துத் தாண்டிப் போய்விட்டது. அவளே கண்ணாடியில் பார்த்தாள். பதினோரு வருடம் தினம் நாலு சுற்று. அந்த இடத்தை ஒரு சுற்றும் தொட்டதில்லை.

"அங்க பிரஷ்ஷை நெட்டா நிறுத்தணும். ஈறுல இருந்து மேல இழுக்கணும். நூலை எடுத்துக் காட்டுங்க... பாத்தீங்களா, நுழைச்ச வேகத்துல வெளிய இழுத்துடறீங்க. அதைப் பல்லை அணைச்ச மாதிரி வளைச்சு, ஈறுக்கு உள்ள கொஞ்சம் இறக்கித் தேய்க்கணும். பக்கத்துப் பல்லுக்கும் அதே மாதிரி."

ஆதிலட்சுமி கேட்க வந்ததைக் கேட்டாள். "கல்லை எடுத்தா பல்லு ஆடுமா?"

 டாக்டர் கருவியின் முனையை ஒவ்வொரு பல்லாக வைத்து மெல்லத் தள்ளிப் பார்த்தாள். "இது ஒண்ணு இப்பவே லேசா ஆடுது. கல்லு அதைத் தாங்கல, மறைச்சிட்டு இருக்கு. அடியில எலும்பு கொஞ்சம் கரைஞ்சிருக்கும்மா. போனது திரும்ப வராது. மேல போகாம நிறுத்தலாம்."

"நிக்குமா?"

"நீங்க தினமும் அந்த உள்பக்கத்தைத் தேய்க்கணும். மூணு மாசம் கழிச்சு என்கிட்ட வந்து காட்டணும். நிக்கும்னுதான் நினைக்கறேன்."

மெஷின் கீச்சிட்டது. தண்ணீர் பீய்ச்சியது. ஆதிலட்சுமி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். எழுந்து துப்பியபோது நாற்காலியோரக் கிண்ணத்தில் பழுப்புத் துண்டுகள் விழுந்து சின்னச் சின்னதாக ஓசை எழுப்பின.

பஸ்ஸில் திரும்பும்போது நாக்கு வழி தெரியாமல் தவித்தது. பழகிய சுவரைக் காணோம். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சந்து இருந்தது. மூச்சு இழுத்தால் அதன் வழியே காற்று போனது. அந்த ஒரு பல் ஆடியது. சந்தேகமே இல்லை, ஆடியது. இறங்கியதும் கீர்த்திக்கு போன் செய்தாள்.

"எல்லாம் போச்சிடி. நடுவுல ஓட்டை ஓட்டையா கீது."

"கல்லு இருந்த எடம்மா அது. ஈறு வீங்கியிருந்துது இல்ல, வத்தினா இறுகும். பத்து நாள் பொறு. நாக்கால நோண்டாத."

"நானா நோண்டறேன்?"

ஆண்டாளம்மாள் கடையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, எடுத்துட்டியா? ஆடுதா?"

"எடுக்கறதுக்கு முன்னயே ஆடிச்சாம்."

"அப்பிடித்தான் சொல்லுவாங்க" என்று ஆண்டாளம்மாள் வெற்றிலையை மடித்தாள்.

பத்து நாளும் அவளுக்கு ஒரு வேலையும் முழுசாக ஓடவில்லை. கடினமான எதையும் கடிக்கவில்லை. காலையில் தொட்டியைச் சுற்றுவதை விட்டுவிட்டாள். மோட்டார் ரூம் ஆணியில் கண்ணாடி மாட்டி, அதன் எதிரே நின்று பிரஷ்ஷை நெட்டாக நிறுத்தித் தேய்த்தாள். முதல் வாரம் ரத்தம் வந்தது. ஒன்பதாம் நாள் வரவில்லை. நம்பாமல் மறுபடி ஒரு முறை துப்பிப் பார்த்தாள். கலைச்செல்வன் வேனைக் கழுவியபடி கேட்டான்: "இன்னாமே, வாய்க்குள்ள யாரையாவது தேடறியா?" கேலியாகத்தான் கேட்டான். ஆனால் அந்த வார இறுதியில் அவனும் அந்தக் கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

வைகாசியில் மூன்று மாதம் முடிந்தது. டாக்டர் சோபியா கண்ணாடியை உள்ளே விட்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கொஞ்சம் வந்திருக்கும்மா. ஒரு பல்லுல, கோடு மாதிரி."

"தெனம் தேய்ச்சேன் டாக்டரம்மா. ஒரு நாளும் விடல. கண்ணாடி வச்சித் தேய்ச்சேன்."

"தேய்ச்சதாலதான் கோடா இருக்கு. உங்க வாய்க்கு அது வரும். நான் எடுத்துடுவேன்." கருவியின் முனையால் அந்தப் பல்லைத் தள்ளிப் பார்த்தாள். ஒரு முறை. இன்னொரு முறை.

"ஆட்டம் ஏறலை. போன தடவையை விடக் குறைவாத்தான் இருக்கு. இந்தப் பல்லு இருக்கும்மா. நாலு மாசம் கழிச்சு வாங்க."

அந்த வாரம் இருபதாம் தேதி. தொட்டிக்குள் இறங்கிக் கழுவினாள். பதினைந்து நாளைக்கு முன் தேய்த்து விட்ட சுவரில் மறுபடியும் வழவழப்பு ஏறியிருந்தது. அதைப் பார்த்து அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை, தேய்ப்பாள், அவ்வளவுதான். ஏறி வந்து தூணில் தேதியை எழுதினாள். பிறகு மோட்டார் ரூம் கதவின் உள்பக்கம், கண்ணாடிக்குக் கீழே, சாக்பீஸால் இன்னொரு தேதி எழுதினாள்.

கையெழுத்து வாங்க வந்த புருஷோத்தமன் அதைப் பார்த்துவிட்டார். "இன்னாம்மா இது, புரட்டாசியில ஒரு தேதி? தொட்டிக்கு அஞ்சும் இருபதும்தானே?"

"அது எனக்கு தலைவரே."

அவர் புரியாமல் போனார். வெளியே ஆண்டாளம்மாள் கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, எழுந்து வந்து கதவோரம் நின்றாள். குரலைத் தாழ்த்தினாள். "ஏண்டி, எனக்கு மிச்சம் கீற மேல்பல்லுலயும் கல்லு கீது. அந்த டாக்டரு பொண்ணு, கத்துவாளா?"

"கையை எடுக்கச் சொல்லுவா. கத்த மாட்டா."

வால்வு நேரமாகிவிட்டது. ஆதிலட்சுமி சாவியை எடுத்துக்கொண்டு கீழத்தெருப் பக்கம் நடந்தாள். நாக்கு மறுபடியும் அந்த இடத்துக்குப் போனது. பல் அங்கேயே இருந்தது. பாதி வழியில் இன்னொரு முறை போய்ப் பார்த்துக்கொண்டது.